ஆறாவது கொய்யகம்

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். நீலத்தில் சாம்பல் கரை போட்ட பழைய சேலை. ஆறேழு வருடமாக மாதம் இரண்டு தடவையாவது உடுத்துவதால், கரையின் எந்தப் பூ இடுப்பின் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்பது கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். முந்தானையை அளந்து தோளில் போட்டுவிட்டுக் கொய்யகம் பிடித்தேன். ஐந்தும் பிடித்த பிறகும் துணி மிஞ்சியது. எங்கேயோ பிழை விட்டேன் என்று முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றினேன். மறுபடியும் மிஞ்சியது. வாசலில் கணவர் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மிஞ்சியதையும் மடித்துச் சேர்த்துச் செருகினேன். ஆறு.

பாதி வழியில், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. சேலை வளரவில்லை. அதைச் சுற்றுகிற உடம்புதான் குறைந்திருக்கிறது.

என் மகள் பிறந்ததிலிருந்து, அதாவது இருபது வருடத்துக்கு மேலாக, எனக்கு ஐந்து கொய்யகம்தான். அளவுநாடாவை இழுத்துப் பிடித்தால் இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லும்; மனம் வைத்தால் இன்னும் ஓர் அங்குலம் குறைத்துச் சொல்லும். ஆறு யார் நீளத் துணியிடம் அந்தச் சலுகை கிடையாது. இடுப்பில் மிச்சம் பிடித்ததை அப்படியே கொண்டுவந்து முன்னால் போட்டுவிடும். கணவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து கொய்யகக் கணக்குச் சொன்னால் எந்த ஆண் விளங்கிக்கொள்வான்? அன்று மத்தியானம் அலுவலகத்தில் பக்கத்து மேசை ராத்தாவிடம் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, “ஆறுதான்” என்று உறுதிப்படுத்திவிட்டுப் போனார். நான் பெற்ற சான்றிதழ்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

இந்தக் கதை போன மார்கழியில், ஓர் இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐத் தொட்டால் அது நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.2. அதில் 5.7க்குக் கீழே இருந்தால் நலம்; 6.5 என்றால் வருத்தம். இரண்டிலும் நான் நடுத்திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். “இன்னும் உள்ளே வரவில்லை, படலையடியில் நிற்கிறது” என்றார் வைத்தியர். என் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் உள்ளே வந்தது. எனக்கு நாற்பத்தெட்டு. பெரிய விருந்தாளி கொஞ்சம் தாமதித்திருக்கிறார், அவ்வளவுதான்.

மாரி மழை ஓயும்வரை அதைச் சாட்டிக்கொண்டிருந்தேன். தை பிறந்து, அதுவும் முடிந்தது. மாசியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு மச்சாள் வந்து படலையைத் தட்டினார். கணவரின் அக்கா, ஐம்பத்தைந்து வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. தட்டுகிற தட்டிலேயே அது தெரியும். “எழும்புங்கள், கோணேசர் கோயிலுக்கு நடக்கப் போகிறோம்” என்றார். கேள்வி கேட்கிற தொனி இல்லை.

எங்கள் வீடு திருகோணமலையில், திருஞானசம்பந்தர் வீதிக்குப் பக்கத்தில். அங்கிருந்து டச்சு பே கடற்கரை ஓரமாக நடந்து, கோட்டை வாசலுக்குள் நுழைந்து, சுவாமி மலையின் உச்சியில் இருக்கிற கோயில்வரை போவது வழி. கோட்டைக்கு ஆங்கிலேயர் 1803இல் யோர்க் கோமகனின் பெயரைச் சூட்டி, பிரெட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். கடற்கரை வழி தட்டை. கோட்டைக்குள் நுழைந்த பிறகு தரை மெல்ல மெல்லத் தலையைத் தூக்கும். வாகனத்தில் போகிறபோது அது ஏற்றம் என்றே தெரியாது. நானும் ஐம்பது, அறுபது தடவை போயிருப்பேன், எல்லாம் ஓட்டோவில்.

முதல்நாள் நான்கு இடத்தில் நின்றேன். ஆனால் களைத்து நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் நிற்பதற்கு இந்தக் கோட்டையைப் போல இன்னோர் இடம் கிடைக்காது. வாசலைத் தாண்டியதும் மான்கள். புள்ளிமான்கள் எங்கள் ஊரில் மாடுகளைப்போல வீதியில் திரிகின்றன; ஆனாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டதுபோல நின்று பார்த்தேன். அடுத்தது வெலிங்டன் வீடு. நெப்போலியனைப் பிற்காலத்தில் தோற்கடித்த ஆதர் வெல்லஸ்லி 1800ஆம் ஆண்டுக் கடைசியில் திருகோணமலைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லப்படும் வீடு. அதன் கட்டடக்கலையை இரண்டு நிமிடம் ஆராய்ந்தேன். பிறகு மரங்களுக்கு ஊடாகக் கடல் தெரிகிற ஓரிடத்தில் கடலை ஆராய்ந்தேன். கடைசியாக, கோயிலுக்குக் கிட்ட, கடைகள் தொடங்குகிற இடத்தில் ஆராய ஒன்றுமில்லை. செருப்புப் பார்த்துக்கொள்கிற ஐயாவின் வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு தவில் அடித்தது. “ஏன் பிள்ளை, ஓடியா வந்தீர்?” என்று அவர் கேட்டார். நடந்துதான் வந்தேன் என்று சொல்லவும் மூச்சில்லை.

சம்பந்தர் இந்த மலைக்கு ஏறவேயில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே இதைப் பாடினார் என்பது மரபு. அன்றைக்கு அவருடைய தீர்மானம் எனக்கு நன்றாக விளங்கியது.

இறங்கும்போது சுலபமாக இருந்தது, விறுவிறென்று இறங்கினேன். அந்த வினை மறுநாள் தொடங்கி மூன்று நாள் இருந்தது. தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகி, கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறினதுக்கு வந்த நோவு என்று நினைத்தேன். பிறகுதான் அறிந்தேன், ஏற்றம் மூச்சைத்தான் பிடிக்கும். தொடையைப் பிடிப்பது இறக்கம். இறங்குகிறபோது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் அந்த வேலைதான் நுண்ணிய காயங்களைக் கூடுதலாக உண்டாக்கும். இதில் ஒரு நல்ல குணமும் உண்டு. ஒருமுறை நொந்த தசை அடுத்த தடவை அதே வேலைக்கு அந்த அளவு நோகாது. இரண்டு கிழமை கழித்து அதே இறக்கத்தில் அதே வேகத்தில் வந்தேன், மறுநாள் ஒன்றுமில்லை. நோவு இல்லாததை யார் கவனிப்பார்கள்? நானும் கவனிக்கவில்லை. கழிப்பறைச் சுவரில் கை வைக்காமல் இருந்தது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கிழமை ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் ஒன்றரை மாதம் அதில் எழுதியது முழுக்க நிறைதான். தராசு ஒன்றும் வாங்கியிருந்தேன். கண்ணாடி மேல்தளம், சிவப்பு எழுத்து. தொடக்கத்தில் 74 கிலோ. இரண்டாம் கிழமை 73.6. அன்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். நான்காம் கிழமை ஒரு கலியாண வீடு, அதற்கு முதல்நாள் இரவு கொத்து ரொட்டி. மறுநாள் 75.1. கிழமைக்கு ஐந்து நாள் விடிய எழும்பி நடந்ததற்குக் கிடைத்த கூலி ஒரு கிலோ கூடுதல்! தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு இரண்டு நாள் நடக்கப் போகவில்லை.

ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏழாயிரம் கலோரிக்குக் கிட்டத்தட்டச் சாப்பிட வேண்டும். கொத்து ரொட்டி எவ்வளவு பெரிய பொட்டலமாக இருந்தாலும் அது நடக்காத காரியம். ஏறியது தண்ணீர். உப்புக் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதோடு, தசைகள் மாச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. ஒரு கிராமுடன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். நடக்கப் பழகிய கால் முன்பைவிடக் கூடுதலாகச் சேமிக்கும். ஆக, தராசு எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டது “எனக்கு நலமாகிறதா?” என்று. அது சொன்னது இன்றைக்கு இந்த மனுஷி எத்தனை கிலோ என்று.

தராசை விட்டால் ஊர் இருக்கிறது. அது இன்னும் மோசமான தராசு. எங்கள் பக்கத்தில் ஒருவர் மெலிந்தால் முதற்கேள்வி “ஏன், ஏதும் வருத்தமா?” என்பது. இரண்டாவது கேள்வி, குரலைத் தாழ்த்தி, “சீனியா?” கொழுத்தால்தான் “இப்போதுதான் முகத்தில் ஒரு களை” என்பார்கள். சித்திரையில் ஒரு சாமத்திய வீட்டில் மூன்று பேர் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அனுதாபம் தெரிவித்தார்கள். ஒருவர் என் கணவரைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்திருக்கிறார். நான் கோட்டை மலைக்கு ஏறுகிறேன் என்று பெருமையாகச் சொல்லவும் வழியில்லை. நாவூறு பட்டுவிடும். “நல்லாய் இருக்கிறேன் என்று வாயால் சொல்லக்கூடாது” என்று வளர்க்கப்பட்டவள் நான். நோயை விலாவாரியாகக் கதைக்க நமக்கு ஆயிரம் சொல் இருக்கிறது. நலத்தைக் கதைக்க “பரவாயில்லை” என்று ஒரே ஒரு சொல்.

பிறகு ஒருநாள் மகள் கைபேசியில் அடி எண்ணும் செயலி ஒன்றை ஏற்றித் தந்தாள். அது ஒவ்வொரு நாளும் பத்தாயிரத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று கடன்காரன்போல நச்சரித்தது. அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவு என்றுதான் நம்பியிருந்தேன். ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் மான்போ-கெய். அதற்குப் பொருளே பத்தாயிரம் அடி மானி. வட்டமான ஓர் எண், ஒரு நல்ல வியாபாரப் பெயர்; அது ஊர் ஊராகப் பரவி என் கைப்பைக்குள் வந்து அதிகாரம் பண்ணியது. உலக சுகாதார அமைப்பு கேட்பது கிழமைக்கு 150 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும்படியான நடமாட்டம். நாங்கள் ஐந்து நாளில் அதைத் தாண்டிவிடுகிறோம். செயலியை நீக்கிவிட்டேன்.

“ஓரளவு மூச்சு வாங்குதல்” என்றால் எவ்வளவு? இதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். நடக்கிறபோது கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் ஓரளவு. கதைக்கவும் முடியாவிட்டால் கடுமை. பாட முடிந்தால் அந்த வேலை உங்களுக்கு இலேசு. இதை நான் வாசித்துச் சொன்னதும் மச்சாளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தேவாரம் பாடிக் கொடுத்தவர். “அப்படியென்றால் பாடிக்கொண்டு ஏறிப் பார்ப்போம்” என்றார். சம்பந்தர் ஏறாமல் பாடினார். ஏறிக்கொண்டே பாடச் சொன்னது மச்சாள் ஒருவர்தான்.

முதல் தடவை கோட்டை வாசலில் தொடங்கி, முதல் அடியின் நடுவிலேயே எனக்கு மூச்சு அறுந்தது. மச்சாள் முதல் இரண்டு அடி பாடிவிட்டு இருமினார். காவலில் நின்ற சிப்பாய் ஒருவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றிலிருந்து கொப்பியில் நிறைக்குப் பதிலாக வேறு கணக்கு ஏறத் தொடங்கியது: எத்தனை இடத்தில் நின்றோம், எந்த மரம்வரை கதைக்க முடிந்தது, எந்தத் திருப்பத்தில் பாட்டு அறுந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. சித்திரை நடுவில் வெலிங்டன் வீட்டை ஒருநாள் பார்க்காமலே தாண்டிவிட்டோம். கோயில் வாசலில்தான் ஞாபகம் வந்தது. பிறகு கடலை ஆராய்வதும் நின்றுபோயிற்று. மான்களிடம் மட்டும் சில கிழமை கூடுதலாக நின்றோம். அது களைப்பினால் அல்ல. சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பொலித்தீன் பையை ஒரு மான்குட்டி மெல்லுவதைக் கண்டு மச்சாள் அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்தடுத்த நாள், கோயிலில் கூட்டம். பூசை முடிந்து மண்டபத்தின் ஓரமாகச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தரையில் உட்காருவது பிரச்சினையில்லை. எழும்புவதுதான் ஒரு நாடகம். முதலில் வலது பக்கம் சரிவேன், கையை ஊன்றுவேன், ஒரு முழங்காலில் நிற்பேன், மற்றக் கையால் தூணைத் தேடுவேன், “முருகா” என்று ஒரு சத்தம் வரும், அதன் பிறகு எழும்புவேன். பத்து வருடப் பழக்கம். கோயிலில் உட்காருமுன்னே தூணைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பேன். அன்றைக்கு ஒரு கையில் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல், நெய் விரலிடுக்கில் வழிகிறது. மற்றக் கையில் மச்சாளின் கண்ணாடியும் திருநீறு மடித்த கடதாசியும். ஐயர் தீபத்தோடு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார், எல்லோரும் எழும்புகிறார்கள். நானும் எழும்பினேன். நின்று, கும்பிடக் கையைச் சேர்க்கப் போனபோதுதான் இரண்டு கையும் நிறைந்திருப்பதைக் கண்டேன். அப்படியென்றால் எதை ஊன்றி எழும்பினேன்?

ஒன்றையும் ஊன்றவில்லை. தூண் ஆறடி தள்ளி நின்றது.

மறுபடி உட்கார்ந்து எழும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, கோயிலில் வைத்து என்னவென்று நினைப்பார்கள். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவை சரிவந்தது. மூன்றாம் தடவை பின்பக்கமாக விழுந்தேன். பயிற்சி தொடங்கிய முதல் சில கிழமைகளில் தசை பெரிதாகப் பருக்காது. ஆனாலும் பலம் கூடும். இருக்கிற தசை நார்களை மூளையும் நரம்பும் சேர்ந்து கூடுதலாக எழுப்பப் பழகிக்கொள்வதே காரணம். அதனால்தான் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமலே கால் வேறு காலாகிவிடுகிறது.

கொண்டாட வேண்டும் என்றார் மச்சாள். இங்கேதான் பெரிய சிக்கல். நம்மவருக்குக் கொண்டாட்டம் என்றால் இனிப்பு. சோதனையில் சித்தி பெற்றால் கேக், குழந்தை பிறந்தால் கற்கண்டு, வேலை கிடைத்தால் லட்டு. மாமியிடம் கையூன்றாமல் எழும்பிய கதையைச் சொன்னதும் மனம் குளிர்ந்து சவ்வரிசிப் பாயசம் வைத்தார். சீனியைக் குறைக்க நடப்பதைப் பாயசம் வைத்துக் கொண்டாடுகிற ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம். மச்சாள் தன் பங்குக்கு, சீனியில்லாத் தேநீருக்குப் பனங்கட்டி கடித்துக்கொள்ளலாம், அது சீனியல்ல, மருந்து என்று வாதாடினார். பனங்கட்டியிலும் பெரும்பகுதி அதே சீனிதான். குருதி அதன் ஊர் பேர் விசாரிக்காது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். புதிதாக ஏதாவது ஒன்று கொப்பியில் ஏறுகிற நாளில் உடனே இறங்கி ஓடிவராமல், இராவணன் வெட்டுப் பக்கம் மதிலடியில் கால்மணித்தியாலம் சும்மா நிற்பது. கீழே செங்குத்தாகப் பாறை, அதன் அடியில் நுரை, எதிரே சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். கிழக்குக் கரைக்காரருக்குக் கிடைத்த சொத்து அது. வீட்டில் காலைச் சாப்பாடு தாமதமாகும். ஆகட்டும். இரண்டு குடும்பத்தலைவிகளுக்குக் கால்மணித்தியாலம் சும்மா நிற்பதைவிடப் பெரிய ஆடம்பரம் எது?

ஆனியில் எல்லாம் பிழைத்தது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்குகிறபோது வெறும் அனலாக வருகிற காற்று. விடியற்காலையிலேயே உடம்பு பிசுபிசுக்கும். மே மாதம் தாண்டிய இடங்களில் மறுபடி நிற்கத் தொடங்கினேன். உச்சிக்குப் போய் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் நாடி முன்பைவிட வேகமாக அடித்தது. நான்கு மாத உழைப்பும் கச்சானோடு பறந்துவிட்டது என்று நினைத்தேன். வைத்தியர் சிரித்தார். வெக்கையில் இருதயத்துக்கு இரண்டு வேலை: தசைக்கும் குருதி அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்வையில் தண்ணீர் போகப் போக அந்த வேலை இன்னும் கூடும். எனவே அதே நடைக்கு நாடி எகிறத்தான் செய்யும். “ஆனி மாதத்தை மாசி மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். நித்திரை விட்டு எழும்பியதும், கட்டிலில் கிடந்தபடியே நாடியை எண்ணுங்கள்” என்றார்.

எண்ணினேன். சுவர் மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிடம். மாசியில் மச்சாளின் வற்புறுத்தலில் ஒருநாள் எண்ணிக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவைத்திருந்தது 86. இப்போது 76. இரண்டு மூன்று நாள் மாறி மாறிப் பார்த்தேன்; ஒன்றிரண்டு கூடும், குறையும், எண்பதைத் தொடவில்லை. பழகிய இருதயம் ஒரு அடிக்குக் கூடுதல் குருதியைத் தள்ளுகிறது. ஆகவே குறைந்த அடியில் அதே வேலை முடிகிறது. நிமிடத்துக்குப் பத்து என்றால் ஒரு நாளைக்குப் பதினாலாயிரத்து நானூறு. அத்தனை அடி குறைந்ததை நான் எந்த இடத்திலும் உணரவில்லை என்பதுதான் விந்தை. கச்சானில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு, தோற்றுவிட்டேன் என்று அழாக்குறையாக நின்ற நாட்களிலும், இரவில் அது பாட்டுக்கு ஆறுதலாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாதமே மறுபடி இரத்தம் கொடுத்தேன். 118 இப்போது 107. எச்.பி.ஏ.1.சி. 6.2இலிருந்து 5.9. செங்குழியம் ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சீனியைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. ஆகவே அந்த எண் அசைவதற்கு மாதக்கணக்காகும். கடதாசியில் வந்தது ஆனியில். ஆனால் சேலை வைகாசியிலேயே சொல்லிவிட்டது. கோயில் மண்டபம் சித்திரையிலேயே சொல்லிவிட்டது. கழிப்பறைச் சுவர் அதற்கும் முன்னே.

ஆவணியில் ஒருநாள் காலை நாங்கள் கோட்டைக்குள் ஏறிக்கொண்டிருக்கையில் மகள் கூப்பிட்டாள். அவள் மட்டக்களப்பில் படிக்கிறாள். விடுதியில் யாரோ கூட அறையில் இருப்பவளுடன் சண்டை. அதை ஆதியோடந்தமாகச் சொன்னாள். நானும் நடுநடுவே கேள்வி கேட்டேன், புத்திமதி சொன்னேன், அவள் பக்கத்துப் பிழையையும் எடுத்துக் காட்டினேன். கடைசியில், “சரி அம்மா, நீங்கள் குசினி வேலையைப் பாருங்கள், வைக்கிறேன்” என்றாள்.

“நான் குசினியில் இல்லை. கோயிலுக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன்.”

“எங்கே, ஓட்டோவிலா?”

“நடந்து.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போன வருடம் அவளுடைய விடுதி மாடிப்படி இரண்டு தட்டு ஏறிவிட்டு அவளுடைய கட்டிலில் பத்து நிமிடம் கதைக்காமல் கிடந்தவள் நான். அன்று அவள் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் நின்றது எனக்கு ஞாபகம். அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “பொய் சொல்லாதீர்கள்” என்றாள். மச்சாள் கைபேசியைப் பறித்து, “உன் அம்மா இப்போது என்னைவிட முன்னால் போகிறாள், நான் கூப்பிட்டும் நிற்கிறாள் இல்லை” என்று முறைப்பாடு சொன்னார். அன்றைக்கு இராவணன் வெட்டில் கால்மணித்தியாலம் போதவில்லை. அரைமணித்தியாலம் நின்றோம். கணவர் பாண் வாங்கிச் சம்பல் அரைத்து வைத்திருந்தார். அதையும் கொப்பியில் எழுதினேன்.

தராசைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கட்டிலுக்குக் கீழே தூசியோடு கிடந்ததைப் போன மாதம் எடுத்து ஏறிப் பார்த்தேன். 71.2. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. துடைத்து மாமியிடம் கொடுத்தேன். அவர் அதன் மேல் ஊறுகாய்ப் பரணி வைத்திருக்கிறார்.

இப்போது புரட்டாதி முடிகிறது. காற்று மாறிவிட்டது; இன்னும் சில கிழமையில் வாடை தொடங்கி மழை வரும், மழையில் என்ன செய்வது என்று மச்சாள் இப்போதே திட்டம் போடுகிறார். குடை பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்பார், எனக்குத் தெரியும். நேற்றைக்குக் காலை வானம் மூட்டமாக இருந்தது, நல்ல குளிர்ச்சி. கோட்டை வாசலில் மச்சாள் வழக்கம்போலத் தொடங்கினார், நானும் சேர்ந்துகொண்டேன். மெதுவாகத்தான், குரல் அப்படியொன்றும் இல்லை. மான்களைத் தாண்டினோம். வெலிங்டன் வீட்டைத் தாண்டினோம். முதற்பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டு. சிப்பாய்க்கு இப்போது பழகிவிட்டது, தலையசைத்தார். கடைகள் தொடங்குகிற இடம்வரை வந்துவிட்டோம், பாட்டு அறவில்லை. நான் மச்சாளைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். மூன்றாம் பாட்டின் முதல் அடியைச் சேர்ந்தே எடுத்தோம். அடுத்த அடிக்கு வாய் திறந்தோம். இருவருக்கும் வரவில்லை.

மூச்சு இருந்தது. வரிதான் மறந்துபோயிற்று. இவ்வளவு தூரம் வருவோம் என்று எதிர்பார்க்கவில்லை ஆகையால் மச்சாள் அதற்கு மேல் பாடமாக்கிப் பார்த்திருக்கவில்லை. முப்பது வருடம் படிப்பித்தவர் வீதி நடுவில் நின்று நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வாங்கில் இருந்தபடியே செருப்புப் பார்க்கிற ஐயா, தலையை நிமிர்த்தாமல், அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்.